வாஷிங் மெஷினுக்குள் ஒன்பது முட்டைகள்

எங்கள் வீட்டுச் சிவப்புப் பெட்டைக் கோழி கறியானதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. உக்குவளையில், ரயில் பாதைக்குக் கீழே எங்கள் வீடு. எனக்குக் கோழிக்குஞ்சுகள் மேல் தீராத ஆசை. உம்மாவோ கோழி இட்ட முட்டையைச் சூடு ஆறுமுன் எடுத்துச் சட்டியில் ஊற்றிவிடுவார். பின்வளவில் ஒரு பழுதான வாஷிங் மெஷின் பக்கவாட்டில் கிடந்தது. என்றாவது திருத்தலாம் என்று வாப்பா வைத்திருந்தது அது. வாப்பாவின் ‘என்றாவது’ எந்தக் கிழமையிலும் வந்ததில்லை.

ஒருநாள் சிவப்புப் பெட்டை அதன் உருளைக்குள் புகுந்து முட்டையிடுவதை நான் கண்டுவிட்டேன். கண்டதோடு நில்லாமல், முட்டை உடையாதிருக்க நான் தலையில் போடும் பள்ளிக்கூடப் பர்தாவையும் உள்ளே விரித்தேன். பர்தா தொலைந்துபோனது என்று உம்மாவிடம் சொல்லி, அதற்கு வாங்கிய ஏச்சையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். முட்டைகளை அப்படியே விட்டால் தானாகக் குஞ்சு வரும் என்பது என் கணக்கு.

இப்படியே பதினாலு நாள், இரண்டு கிழமை, போனது. மாமா விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

“முட்ட போடாத கோழிக்கு என்னத்துக்குத் தீனி?” என்றார் வாப்பா. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் அறுத்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். பர்தாவை நினைத்துப் பயந்து மூடிக்கொண்டேன்.

உம்மா கோழியின் வயிற்றைக் கீறியவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே ஒரு மிளகுக் குலை போல மஞ்சள் கருக்கள். ஜாதிக்காயளவில் ஒன்று, மிளகளவில் ஒன்று, கடுகளவில் ஒன்று என்று மறுநாளைக்கு, அதற்கடுத்த நாளைக்கு, அதற்கும் அடுத்த நாளைக்கு என வரிசையில் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், குடல் போன்ற குழாயின் நுனியில், ஓடும் கட்டி முடிந்த முழு முட்டை ஒன்று.

“யா அல்லாஹ், இது நாளக்கிப் போட இரிந்த முட்டயே! அப்ப இவ்வளவு நாளும் எங்க போட்டிச்சி?”

உம்மா வளவெல்லாம் தேடத் தொடங்கினார். “மெஷினுக்குள்ள பாருங்களேன் உம்மா” என்றேன், சும்மா தோன்றியது போல.

உம்மா உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக ஒன்பது முட்டைகளை எடுத்தார். கடைசியாகப் பர்தாவை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்ற உடுப்புகளோடு ஊறப்போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் நெஞ்சு ஆறவில்லை. தாய் செத்தது என்னால். இந்த முட்டைகளும் வீணாய்ப் போனால் அதுவும் என்னால்தான்.

“பழைய முட்டயெல்லாம் செத்திரிக்குமா உம்மா?”

“சூடு படும் வரைக்கும் அது தூங்கும். ஒண்ணா அடைய வெச்சா ஒண்ணாத்தான் முழிக்கும்.”

முதல் முட்டை இரண்டு கிழமைக்கு முந்தியது. வயிற்றில் இருந்ததோ இன்னும் இடப்படாதது. இவை எல்லாம் ஒரே நாளில் விழிக்குமாம்! எனக்கு இன்றும் அது பெரிய அதிசயம்தான். அடைகாக்கும் வேகம் தெளிவதற்காக உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, மூன்று நாளாகத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த கோழியை உம்மா கூடையில் வாங்கி வந்து, பத்து முட்டைகளிலும் அமர்த்தினார்.

ஏழாம் நாள், இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். வெற்றிலை நரம்பு போலச் சிவப்பு இழைகள். நடுவே ஒரு புள்ளி, துடித்துக்கொண்டிருந்தது. கண்ணும் அலகும் வருமுன்பே அதற்கு இதயம் வந்துவிட்டது. இரண்டில் மட்டும் ஒன்றும் இல்லை. வயிற்றிலிருந்து எடுத்த முட்டையிலும் புள்ளி துடித்தது. நான் அழுதுவிட்டேன். உம்மா என் தலையைத் தடவினார்.

இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிறு வெடிப்பு. உரித்துவிடப் போன என் கையை உம்மா பிடித்துக்கொண்டார்.

“உரிச்சா ரத்தம் வரும். அதுவா வரட்டும்.”

மாலைக்குள் எட்டும் வந்தன. நனைந்து, ஒட்டி, பார்க்கச் சகிக்காத அழகு. ஒரு மணி நேரத்தில் பஞ்சுபோல் உப்பிவிட்டன.

வாப்பா வந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு உம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கோழிய அநியாயமா அறுத்துட்டன். ஏன் புள்ள, நீ சரியாத் தேடிப் பாக்கல்லயா?”

உம்மா குஞ்சுகளுக்கு அரிசிக் குருணல் தூவிக்கொண்டே சொன்னார்: “பிழ என்னிலதான். எனக்குக் கண்ணுல படல்ல.”

கையில் ஒரு குஞ்சோடு பக்கத்தில் இருந்த எனக்கு உம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய மெஷினைக்கூடக் காணாதவர். இனிமேல் உம்மாவைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.