வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து

எங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கு வந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்று மக்களிடமே கேட்க, தாம்பரத்தில் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் தீர்மானம் எழுதும் வேலை எனக்கு. வந்ததுமே எல்லோரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவோம். மேலே விட்ட இடத்தில் தீர்மானத்தைப் பிறகு எழுதுவோம். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள் என்பதால் வந்த வழக்கம் அது.

ரயில் பாதையோரத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலை. கொத்தனாரான கணவருக்குப் பக்கவாதம்.

"எக்சர்சைஸ் குடுக்கிற ஆளு ஒருத்தர போடுங்க சார். ஆறு மாசத்துக்குள்ள பயிற்சி குடுத்தாதான் நடப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறி தூக்கினு போவ முடில."

"மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம். முதல்ல ஷெட்டு போடட்டும்" என்றார் எங்கள் தெருக்காரர்.

"உக்கார எடம் குடுத்தா வியாதி எழுந்து போயிடுமாண்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலைக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிய அந்தப் பெண் என்னிடம் வந்தார். "கையெழுத்து போட்டுட்டேன் சார். என்னுத மறக்காம எழுதிடுங்க."

தலையாட்டினேன். எழுதவில்லை. எங்கள் தெருவுக்குக் கூரைதான் வேண்டியிருந்தது. மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு அங்கே நிற்கும் எனக்கும்தான். 'காத்திருப்புக் கூடம் அமைக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருந்தது.

கூடம் கட்டி முடித்ததும் ஒரு காலையில் அவரை அங்கே பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா காத்தோட்டமா கீது சார். அந்த ஆளு எப்போ வருவாரு?"

"எழுதிக் கொடுத்திருக்கோம்மா" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு இப்போ தானா எழுந்து உக்கார்றாரு சார். ஆளு வந்துட்டா நடந்துடுவாரு."

அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்க நானே அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். காட்டாங்குளத்தூர் பக்கம் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் பயிற்சியாளர் வேண்டும் என்று நானே எழுந்து கேட்டேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வருகிறார்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை இல்லாவிட்டாலும் போகிறேன். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் சிலர் வருகிறார்கள். முதலில் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். டாக்டர் சொன்ன ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டது என்று தெரியும். இருந்தும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்தப் பெண்ணின் கணவர் நாலு அடி நடந்து வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. அவர் தனியாக வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஒரு தடவைகூட நான் அவரைப் போய்ப் பார்த்ததில்லை.