பெட்டிக்குள் வந்த வேரா

காலை 9.40. மதுரையில் பஸ் ஏறியபோது என் மடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே நான்கு சுருள் பிலிம். மதுரைத் திரைப்படக் கழக நண்பர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாளுக்கு வாங்கியது. என் ஊர் சங்கரன்கோவிலுக்கு ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்; டிக்கெட் ஏழு ரூபாய்.

"பெட்டிக்குள்ள என்ன, தங்கச்சி?" என்றார் கண்டக்டர்.

"ஒரு ருஷ்ய நடிகை, அண்ணாச்சி."

"அப்பம் அந்தம்மாவுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துரு." சிரித்துக்கொண்டே ஒரு ரூபாய்க்கு லக்கேஜ் சீட்டைக் கிழித்தார்.

நானும் சிரித்தேன், மனசு மட்டும் மாலைக் காட்சியிலேயே இருந்தது. எங்கள் ஊரில் நாங்கள் தொடங்கிய திரைப்படக் கழகத்தில் மொத்தம் பதினோரு பேர். தலைமையாசிரியர் பள்ளி ஹாலையும் புரொஜக்டரையும் ஒரு மாலைக்கு மட்டும் கொடுத்திருந்தார். ஹால் நிறைந்தால் மாதந்தோறும் படம். நிறையாவிட்டால் இதுவே முதலும் கடைசியும்.

பகல் 11.45. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிடம் நின்றோம். கண்டக்டர் டீ கிளாஸோடு வந்து, "யாரு அந்தம்மா? கதையச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பெயர் வேரா, வோல்கா நதிக்கரைக்காரி. அவள் தாய் நாடகக் கொட்டகையில் உடை தைத்தவள். ஒருநாள் பெரிய நடிகைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வசனமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த பதினெட்டு வயது வேராவை மேடையில் தள்ளிவிட்டார்கள். போர் வந்தபோது லாரியின் பின்பலகையை இறக்கி, அதையே மேடையாக்கிச் சிப்பாய்களுக்கு நடித்தாள். சினிமாக்காரர்கள், முகம் அகலம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நாற்பதாவது வயதில்தான் முதல் படம். இன்றும், அறுபது தாண்டி, மாலையானால் மேடையில் நிற்கிறாள்.

"நாப்பதுலயா?" முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "நம்ம ஊர்ல நாப்பதுன்னா ஹீரோவுக்கு அம்மால்லா?"

"இவளும் அம்மாதான். ஆனா படமே அந்த அம்மாவைப் பத்தினது."

"அதெப்படி எடுப்பாங்க!" என்று அவள் கடைசிவரை நம்பவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் இறங்கும்போதுகூடப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிற்பகல் 1.30. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மேளம்! யாருக்கு என்று யோசிப்பதற்குள், "ஏலே, பொட்டி வந்துட்டுலே!" என்று ஒரு கூச்சல். ஜன்னல் வழியே கைகள் நுழைந்தன. என் பெட்டி தோள் மாறி, மாலை ஏறி, வெடிச்சத்தத்தோடு தியேட்டரை நோக்கி நகர்ந்தது. புதுப்படப் பெட்டி அந்த பஸ்ஸில் வருகிறது என்று ரசிகர் மன்றத்தார் காத்திருந்திருக்கிறார்கள்.

"அண்ணே, அது உங்க படம் இல்ல!" என்று பின்னால் ஓடினேன்.

மேளம் நின்றது. மன்றத் தலைவர் மாடசாமி பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார். "இது யாரு வே?"

நான் வாயெடுக்குமுன் கண்டக்டர் வந்துவிட்டார். "உங்க பொட்டி ராஜபாளையத்துல கெடக்கு, நாளைக்குத்தான் வரும். இந்தம்மாவ லேசா நெனைக்காத. குண்டு விழுதப்ப லாரி மேல நின்னு நடிச்ச பொம்பள! மூஞ்சி சரியில்லன்னு நாப்பது வயசு வரைக்கும் சான்ஸ் குடுக்கல."

"எங்க ஆளையும் மொதல்ல அப்படித்தானய்யா வெரட்டுனானுவ!" மாடசாமிக்குக் குரலே மாறிவிட்டது. மாலையைக் கழற்றப்போன ஒருவன் கையைத் தட்டிவிட்டார். "போட்டது போட்டதுதாம்ல, கழத்தாத. எத்தன மணிக்கு ஷோ, தங்கச்சி?"

மாலை 6.30. பெஞ்சு போதாமல் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புரொஜக்டர் பக்கத்தில் மைக்கோடு நின்று, திரையில் ஓடிய ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடமாகத் திரையில் ஒரு பெண் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அந்தம்மா எப்ப வருவா?" என்றார் மாடசாமி.

"அதோ, அவதான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் அந்த அகலமான முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், பாருங்கள்! ஹால் முழுக்கத் தொடர்ந்தது.

"அடுத்த மாசம் எந்தத் தேதி வேணும்?" என்று தலைமையாசிரியர் என் காதில் கத்த வேண்டியிருந்தது.

முன்பு மதுரைக் கழகத்தில் இதே காட்சியை நாற்பது பேர் கைகட்டி, மூச்சுவிடாமல் பார்த்தோம். ருஷ்யாவில் மேடை நோக்கி விசிலடித்தால் நடிப்பு பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். வேரா இங்கே இருந்திருந்தால் முகம் வாடியிருக்கும். ஓடிப்போய், "அம்மா, எங்க ஊரில் இதற்கு மேல் மரியாதை கிடையாது" என்று அவள் பாஷையிலேயே சொல்ல வேண்டும்போல் இருந்தது. ருஷ்யப் பாடப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.