கம்பளத்தின் ஓரத்து நூல்

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மட்டும் விலக்கு, அதுவும் தெர்மாமீட்டர் சொன்னால்தான். அப்பா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், எதற்கும் சாட்சி கேட்பார். அப்பா, அம்மா, நான், என்னைவிட ஐந்து வயது இளைய தங்கை என்று நான்கு பேர். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். அப்பாவின் ஜெபம் நீளமானது. வீட்டில் ஆரம்பித்து, சொந்தக்காரர்கள், சபை, பள்ளிக்கூடம், பிரயாணம் செய்கிறவர்கள் என்று தாம்பரத்திலிருந்து புறப்பட்டு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் சொல்வார். அது முடியும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது நாங்கள் கண் மூடியிருந்தபோதுதான் நடந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, சிமெண்ட் தரை. தங்கை பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு முழங்கால் மூட்டுகளில் வலி. ஜெபம் முடிந்ததும் நாங்கள் மூவரும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அம்மா மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த காலை எடுப்பாள். முழங்காலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கேட்கவில்லை.

"உட்கார்ந்துகிட்டு ஜெபம் பண்றது ஆண்டவரைக் காபி குடிக்கக் கூப்பிட்ட மாதிரி இருக்கு" என்பாள்.

ஒரு தலையணையைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் அதற்கும் கோபம். "உங்களுக்கெல்லாம் தரை, எனக்கு மட்டும் மெத்தையா? நான் என்ன மகாராணியா?"

எனவே எல்லோருக்குமாக ஒரு விரிப்பு வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார். அவர் ஒரு காரியத்தில் இறங்கினால் அது வீட்டுக் காரியமாக இருக்காது, பரிசோதனை ஆகிவிடும். வீட்டில் இருந்த ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டார், அது வழுக்கியது. கோரைப்பாய் முழங்காலில் கோடு கோடாகப் பதிந்தது. கேரளத்திலிருந்து வந்த சக வாத்தியார் ஒருவர் மூலம் தேங்காய் நார் விரிப்பு வரவழைத்தார். அம்மா ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவள் கால் கழுவும்போது முழங்கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். அடுத்தது சணல். சாக்குகளைப் பிரித்து மூன்றடுக்காகத் தைத்தோம். தூசியில் தங்கை விடாமல் தும்மினாள். மழை வந்ததும் அது ஊறிப்போன நாற்றம் அடித்தது. கடைசியில் சாக்கு பின்வாசலுக்குக் கால் துடைக்கப் போனது.

மிச்சம் இருந்தவை இரண்டுதான், கம்பளியும் நைலானும். நைலான் எங்கள் வீட்டு வாசற்படி ஏற முடியாது. சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு அக்கா நைலான் புடவையோடு மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவைத்தாள். அலறல் கேட்டு முதலில் ஓடியது அம்மா. அங்கே என்ன பார்த்தாள் என்று கடைசிவரை எங்களிடம் சொன்னதில்லை. திரும்பி வந்தவள், மாமா ஆசையாக வாங்கித் தந்திருந்த இரண்டு நைலான் புடவைகளையும் எடுத்து, கிழித்து, பாகற்கொடி கட்டப் போட்டுவிட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள நைலான் வரக் கூடாது" என்றாள். அப்பாகூட மறுபேச்சுப் பேசவில்லை.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா என்னைப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போனார். எனக்கு வயது பதினாலு. ரயிலில் போகும்போதே பாடம் நடத்தினார். கம்பளி நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பருத்தியும் சணலும் காகிதம்போல எரியும். நைலான் சாம்பலாகாது, சுருங்கி உருகிக் கடுகு மாதிரி கெட்டி உருண்டையாகும். சட்டைப் பையில் தீப்பெட்டி தயாராக இருந்தது. பீடி, சிகரெட் தொடாதவர் பையில் தீப்பெட்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சந்தையின் ஒரு ஓரத்தில், ஊரைவிட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்கள் கிடந்தன. கண்ணாடி, கட்டில், கை உடைந்த சாய்வு நாற்காலி. அவற்றின் மேல் அந்தக் கம்பளம் விரித்திருந்தது. அடர்ந்த சிவப்பு, நடுவில் பெரிய நீலப் பூ, இரண்டு ஓரத்திலும் குஞ்சம்.

"இன்னா சார், பாத்துகினே கீறீங்க?" என்றார் வியாபாரி. "ஆங்கிலோ இந்தியன் வூட்டுது சார். குடும்பத்தோட ஆஸ்திரேலியா பூட்டாங்கோ. சுத்தமான கம்பளி. பேஜாரே வேணாம், கொளுத்திப் பாரு சார்."

கொளுத்திப் பார்க்க அவரே சொன்னதில் அப்பா பாதி விழுந்துவிட்டார். பேரம் பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், "நடுவுல இருந்து ஒரு நூல் இழும்மா" என்றார்.

நான் குனிந்தேன். நடுவில் அந்த நீலப் பூ இருந்தது. அதிலிருந்து ஒரு நூலை இழுத்தால் அந்த இடம் சொட்டையாகிவிடுமே என்று மனசு வரவில்லை. நம் வீட்டுக்கு வரப்போகிற பூ அல்லவா. அப்பா பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். அப்பா பார்க்கவில்லை. வியாபாரி பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

அப்பா தீக்குச்சி கிழித்தார். முடி கருகும் வாசனை வந்தது. சாம்பலை விரலில் தேய்த்துக் காட்டினார். வகுப்பில் பரிசோதனை சரியாக வந்துவிட்டால் அவர் முகத்தில் வரும் வெளிச்சம் அப்போதும் வந்தது.

"நான் சொல்லல சார்?" என்ற வியாபாரி கம்பளத்தைச் சுருட்டிக் கட்டினார்.

அன்று மாலை அம்மா அதன்மேல் முழங்காலிட்டதும் காலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பிறகு, "மெத்துன்னு இருக்குங்க" என்றாள். ஜெபம் முடிந்து அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தபோது மூச்சு வாங்கவில்லை. அப்பாவின் ஜெபத்தில் கம்பளத்துக்கும் ஒரு ஸ்தோத்திரம் சேர்ந்தது. அம்மா அதற்குப்பின் பாட்டை வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். அவளுக்கு அத்தனை நல்ல குரல் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதை மறுக்க மாட்டேன்.

மழைக்காலம் வந்தது. சாரல் பட்டால் கம்பளி ஒரு மாதிரி நாறும், இது நாறவில்லை. சீக்கிரம் காய்ந்தும்விட்டது. "உயர்ந்த ரகம்" என்றார் அப்பா. எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்கிறவர், ஒரு சாட்சி கிடைத்ததும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் தங்கையோடு கோயில் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். கம்பளத்தின்மேல் போர்வையை மடித்துப் போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு பொறி போர்வையைத் தாண்டி விழுந்தது. தட்டிவிட்டேன். மூக்கைக் குத்துகிற ஒரு நெடி வந்தது, முடி கருகும் வாசனை இல்லை. குனிந்து பார்த்தால் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டினேன். கெட்டியாக, கறுப்பாக, வழவழப்பாக இருந்தது.

ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். குஞ்சம் கம்பளத்தோடு சேர்ந்ததே அல்ல. வேறு நூலில் செய்து, பிற்பாடு யாரோ கையால் வைத்துத் தைத்திருந்தார்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நூலை எங்கே இழுத்தேன் என்பதும் வெளியே வரும். அப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சம் அணைந்துவிடும். அம்மா மறுபடி வெறும் தரைக்குப் போவாள். இப்படி மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன், ஆனால் முதல் காரணம்தான் உண்மையான காரணம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரம் கிடந்த டீப்பாயை இழுத்து வந்து அதன் ஒரு காலைச் சரியாக அந்தப் பொட்டின்மேல் வைத்தேன். அந்த இடம் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு நேராக இருந்தது.

"பைபிள் வைக்க வசதியாத்தான் இருக்கு" என்று அப்பா என்னைப் பாராட்டினார்.

கிறிஸ்துமஸ் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். தினமும் ஏழு மணிக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் அந்த டீப்பாய்க் காலை ஒருமுறை பார்ப்பேன். எங்கள் தெரு அக்காவின் அலறல் காதில் கேட்கும். பிறகு அம்மா பாட ஆரம்பிப்பாள், நானும் சேர்ந்து பாடுவேன்.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை நல்ல மழை. ஆறரைக்கே கரண்ட் போய்விட்டது. அப்பா ஒரு சாஸரில் மெழுகுவர்த்தியை நிறுத்தி டீப்பாயில் வைத்து, அதன் வெளிச்சத்தில் அதிகாரத்தை வாசித்தார். எல்லோரும் முழங்காலிட்டோம். அம்மா வழக்கம்போல நாற்காலியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்பா சொந்தக்காரர்களைத் தாண்டிச் சபைக்கு வந்திருப்பார், ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. கூடவே ஏதோ உருளும் சின்னச் சத்தம். ஜெபத்தின் நடுவே காற்றுக்கெல்லாம் கண் திறக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அப்பா குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான்.

அப்போது அந்த நெடி வந்தது. இஸ்திரிப் பெட்டி அன்று காட்டிய அதே நெடி. தினமும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் இதுவும் என் மனப்பிரமை என்று எண்ணி, கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன். எத்தனை நொடி என்று தெரியாது. இருமல் வந்து கண் திறந்தபோது டீப்பாயைச் சுற்றித் தாழ்வாக, மஞ்சளாக, தீ ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா!" என்று கத்தினேன். அப்பாவும் தங்கையும் துள்ளி எழுந்தார்கள். அம்மாவால் துள்ள முடியாது. நாற்காலியின் கையைப் பிடிக்க வேண்டும், ஒரு காலை ஊன்ற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அதற்குள் உருகிய கம்பளம் அவள் புடவையைத் தாண்டி முழங்காலில் ஒட்டிவிட்டது. அப்பா அவளை இழுத்தபோது கம்பளமும் கூடவே எழுந்து வந்தது. நான் பின்வாசலுக்கு ஓடி, மழையில் நனைந்து கிடந்த சணல் சாக்கை எடுத்து வந்தேன். அப்பா அதைப் போட்டு அமுக்கித்தான் தீயை அணைத்தார்.

அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஆஸ்பத்திரி வார்டில். அம்மா பிழைத்துவிட்டாள். ஆனால் இரண்டு முழங்காலிலும் தோல் இறுகிக்கொண்டு, அதற்கப்புறம் கால் முழுதாக மடங்கவில்லை.

ஒருநாள் அப்பா மிஞ்சிய கம்பளத்தைக் கொல்லைக்கு எடுத்துப்போய், நீலப் பூவிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்த்தார். அது உருகிச் சொட்டியது. உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே, "அன்னைக்கு நடுவுல இருந்துதானேம்மா இழுத்தே?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா" என்றேன்.

அவர் நம்பினார். தன் கண்தான் தவறியது, தன் மூக்குதான் ஏமாந்தது என்று நினைத்தார். ஒவ்வொரு மாலையும் ஜெபத்தில், என் அஜாக்கிரதையை மன்னியும் ஆண்டவரே என்று குரல் உடைந்து சொல்வார். நான் பக்கத்திலேயே முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு மத்தியானம், அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது எல்லாவற்றையும் கொட்டினேன். குஞ்சத்து நூல், பொறி, பொட்டு, டீப்பாய், அப்பாவிடம் சொன்ன பொய். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அழவில்லை.

"தெரியும்டி" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"தினமும் வீட்டைப் பெருக்கினது யாரு, நீயா? டீப்பாயை நகர்த்திட்டுத்தானே பெருக்கணும். நீ வச்ச மறுநாளே பார்த்துட்டேன். தொட்டுப் பார்த்தேன், நைலான்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு மேல உருகி ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தவதானே நான்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

அம்மா காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள். "சொன்னா உங்க அப்பா அன்னைக்கே அதைத் தூக்கி வெளியில போட்டிருப்பார். அப்புறம் நான் மறுபடி தரையில நிக்கணும். ரெண்டு மாசம்டி. ரெண்டு மாசம் வலியில்லாம ஜெபம் பண்ணினேன். எனக்கு ஆசையா இருந்துச்சு."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு, அவள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். தினமும் காலையில் அவள் டீப்பாயை நகர்த்தியிருக்கிறாள். அந்தப் பொட்டைப் பார்த்திருக்கிறாள். பெருக்கி முடித்துவிட்டு, நான் வைத்த மாதிரியே, டீப்பாய்க் காலை மறுபடி அதன்மேல் சரியாக வைத்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்" என்றாள். அன்று மாலை ஏழு மணிக்கு அப்பா வந்து முழங்காலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் அஜாக்கிரதைக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். அவளும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆமென் சொன்னார். நாங்களும் சொன்னோம். வேறொன்றும் சொல்லவில்லை.