மடியில் குக்கரோடு வந்த மச்சான்

மச்சான் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்மேல் இருந்த கோபம் அரைவிரல் என்று பேரெடுத்தவனுக்குத் தீரவில்லை. ஆள் போனால் கோபமும் கூடவே போய்விடும் என்று நினைத்திருந்தான். எங்கே போனது? கரண்டுக் குக்கரில் அரிசி போடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சுருக்கென்கிறது.

விஷயம் இதுதான். அவனுக்குப் பெண் பிறந்திருந்த சமயம். பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். அவளுடைய அண்ணன், அதுதான் நம்ம மச்சான், குழந்தையைப் பார்க்க வந்தார். தகடு வளைக்கிற பிரஸ் கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கிறவர்களும் வந்திருந்தார்கள். அரைவிரலே குக்கரில் சோறாக்கி, குழம்பு வைத்து, எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினான். மச்சான் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னும் மென்றார். பிறகு ஒரே ஒரு பருக்கையை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மாப்ளே, கோச்சுக்காதீங்க. இதுல நடுவுல ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா, பிள்ளைக்கு ஒரு மாலை கோத்துப் போட்டுடலாம்.”

எல்லோரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை வீறிட்டு அழுதது. பெண்டாட்டியும் சிரித்தாள், தையல் வலிக்க வலிக்க. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? அடுத்த தடவை வரும்போது கையில் ஒரு பை. பைக்குள் அவருடைய சொந்தக் குக்கர். ஊர் உலகத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போவான், பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக்கொண்டு போவான். இவர் பஸ்ஸில் குக்கரை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

“என்னப்பா, உன் மச்சான் அடுப்பும் சட்டியுமா வந்துட்டாரு. உன் வீட்டுல உலை வைக்கிறதே இல்லையா?”

மானம் போகும். மச்சானோ, “மாப்ளே வீட்டுக் குக்கருக்கு நல்லா ஓய்வு குடுக்கலாம்னு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே படியேறுவார்.

அரைவிரல் என்ற பேரும் மச்சான் உபயம்தான். கல்யாணம் ஆன புதிதில், தகடு வளைக்கும் பிரஸ் மிஷின் அவனுடைய வலதுகை ஆள்காட்டி விரலின் நுனியை, நகத்தோடு சேர்த்து, வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கண் கலங்க நின்ற மச்சான், “விடுங்க மாப்ளே, இனிமே நீங்க யாரைக் குத்தம் சொல்லி விரல் நீட்டுனாலும் பாதிதான் போய்ச் சேரும்” என்றார். அழுதுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரை அவன் என்றைக்கோ மன்னித்துவிட்டான். சோற்றைச் சொன்னதை மன்னிக்கவில்லை.

மச்சானுக்குப் பூட்டு ரிப்பேரும் சாவி வெட்டுவதும் தொழில். ஒரு பழைய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, குனிந்து போகிற மாதிரி ஒரு கடை. சுவர் முழுக்கக் கொக்கி, கொக்கி முழுக்க வெட்டாத சாவிகள். பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் அறை. அதுதான் வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “ஊரு பூட்டையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்ததுல என் பூட்டைக் கவனிக்கலை, துரு ஏறிடுச்சு” என்பார்.

கடைக்கும் அறைக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளக் பாயின்ட். சாவி வெட்டுகிற மிஷினுக்கும் அதுதான், குக்கருக்கும் அதுதான். சோறு வெந்துகொண்டிருக்கும்போது சாவி வெட்ட மாட்டார். யார் வந்தாலும் சரி. ஒரு தடவை ஒரு பேங்க் அதிகாரி வீட்டுச் சாவி வெட்ட அவசரமாக வந்து நின்று, “கொஞ்சம் அதைப் புடுங்கிட்டு இதைப் போடுங்களேன்” என்றார்.

“சார், உங்க வீடு அங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடாது. இது பாதியில நின்னா அப்புறம் கஞ்சியும் இல்லை, சோறும் இல்லை. உக்காருங்க.”

அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து, குக்கர் மூடி தாளம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் டக்கென்று மேலே எழும்பியது. அதிகாரி எழுந்தார். “இருங்க சார், இப்பத்தான் ஆவி அடங்கணும்” என்றார் மச்சான். ஊரார் பூட்டையெல்லாம் நிமிஷத்தில் திறக்கிறவர், தன் குக்கர் மூடியை மட்டும் அடங்குவதற்கு முன்னால் யாரையும் தொட விடமாட்டார். பானையைக் குக்கருக்குள் வைப்பதற்குமுன் அதன் அடியைத் துண்டால் ஈரம் போகத் துடைப்பார். சும்மா இல்லை, பெண் பார்க்க வருகிறவன் முகத்தைத் துடைத்துக்கொள்கிற மாதிரி அப்படி ஒரு துடைப்பு.

அந்த மச்சானுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ஆள் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தார்.

“இந்த உடம்பு கத்தியைத் தாங்காது. கொஞ்சம் தேத்திக் கூட்டிட்டு வாங்க. ரொம்பவும் தள்ளிப்போட முடியாது, பாத்துக்குங்க. அரிசி, சாமை, கோதுமை ரவை, எது இறங்குதோ அதை நல்லா மெத்துன்னு வேகவச்சுக் குடுங்க.”

தங்கச்சி வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். முன்னறையில், சன்னலுக்குப் பக்கத்தில் கட்டில். கூடவே குக்கரும் வந்தது. நோயிலும் அதை விடவில்லை. பெண்டாட்டிக்குத் துணி ஃபேக்டரியில் பகல் ஷிப்ட். அரைவிரலுக்குச் சாயங்காலத்துக்கு மேல்தான் வேலை. ஆக, மச்சானுக்குக் கொஞ்சமாவது இறங்குகிற மதியச் சோறு அவன் தலையில் விழுந்தது. மனதுக்குள் ஓர் ஆங்காரம். இந்தத் தடவை பார்க்கிறேன், அவர் குக்கரிலேயே சமைக்கிறேன், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

முதல் நாள் சோறு போட்டான். மச்சான் கொஞ்சம் மென்றார். விழுங்கக் கஷ்டப்பட்டார். தட்டைத் தள்ளிவைத்தார்.

“பசியில்லை மாப்ளே. சோறு நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான். கிண்டல் இல்லை, கேலி இல்லை. நல்லாத்தான் இருக்கு என்கிறார்! டாக்டர் சொன்னபோதுகூட அவன் அவ்வளவு பயப்படவில்லை.

மறுநாள் சாமை போட்டான். அது அரிசியைவிட மோசம், வாயில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. கோதுமை ரவை போட்டான். மேலே உதிரி, உள்ளே நறுக் நறுக்கென்றது. மச்சான் ஒவ்வொரு நாளும் இரண்டு வாய் வைத்துவிட்டு, “அப்புறம் சாப்பிடறேன்” என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். எடை பார்க்கக் கூட்டிப்போனால் முள் கீழேதான் இறங்கியிருந்தது. “இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்” என்று டாக்டர் சொன்னார். அந்தக் குரல் யாருக்கும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் செத்தா உங்களுக்குச் சந்தோஷமா? என்னத்த வேகவச்சுக் குடுக்குறீங்க, ஜல்லிக்கல்லா?”

“அரிசி ரொம்பப் பழசு. இந்த ஏரியாவுல கரண்டும் வீக்கு.”

“நான் போட்டா மட்டும் கரண்டு ஓடி வருதாக்கும்! டம்ளர்ல அளந்து ஊத்துங்கன்னா கேக்குறதில்லை.”

“எங்கம்மா விரலை வச்சுத்தான் அளப்பா. நானும் அப்படித்தான். அது தப்பாகாது.”

“ஆமா, உங்கம்மா!” என்று அவள் தட்டை ஓங்கி வைத்ததில் கரண்டிகளெல்லாம் குதித்தன.

வீட்டுக் குக்கரோடு வந்த அளவுக் கப்பு எந்தக் காலத்திலோ பெண் மண்ணள்ளி விளையாடியதில் தொலைந்துவிட்டது. மச்சான் குக்கர்ப் பானைக்குள் இருந்த கோடும் தேய்ந்துபோயிருந்தது. அதனால் அவனுக்கு விரல்தான் கணக்கு. நுனி அரிசியைத் தொட்டு நிற்கணும், முதல் கோடு மட்டும் தண்ணீர் நிற்கணும். அம்மா சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் அடுப்படி பிளக் பொசுங்கிப்போனது. வேறு வழியில்லாமல் குக்கரைக் கொண்டுவந்து மச்சான் கட்டிலுக்குப் பக்கத்தில், சன்னலுக்குக் கீழே இருந்த பிளக்கில் வைத்தான். சாமையைக் கழுவிப் பானையில் போட்டு, தண்ணீர் விட்டு, விரலை இறக்கினான். மச்சான் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே.”

“ம்.”

“எந்த விரலு அது?”

“ஏன், ஆள்காட்டி விரலு.”

“அதைக் கொஞ்சம் வெளிய எடுத்துக் காட்டுங்க.”

எடுத்துக் காட்டினான். தண்ணீர் சொட்டச் சொட்ட, மொட்டையாக, பாதியாக நின்றது விரல். மச்சான் அதைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் குலுங்கியது. இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார்.

“அட பாவி மனுஷா! பாதி விரலை வச்சு அளந்தா பாதித் தண்ணிதானே நிக்கும்! பேரு வச்ச எனக்கும் புத்தியில்லை, விரலை வச்சிருக்கிற உங்களுக்கும் புத்தியில்லை. இதுக்கா நான் இத்தனை வருஷம் குக்கரைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு ஏறினேன்?”

அரைவிரல் தன் விரலையே பார்த்தான். அரிசிக்கடைக்காரனைத் திட்டியிருக்கிறான், கரண்டாபீஸைத் திட்டியிருக்கிறான், குக்கர் செய்தவனைத் திட்டியிருக்கிறான். கூடவே ஒட்டிக்கொண்டிருந்ததை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சிரிக்காதீங்க மச்சான். தையல் போடுறதுக்கு முன்னாடியே வயிறு பிச்சுக்கப் போகுது.”

“பானையை இங்க கொண்டுவாங்க. என் விரல் முழுசாத்தான் இருக்கு.”

பானையைக் கட்டிலுக்குத் தூக்கிப்போனான். மச்சான் விரலை உள்ளே விட்டார். “ஊத்துங்க… இன்னும்… சாமைக்கு இன்னும் வேணும்… போதும்.” பிறகு தன் துண்டை எடுத்துப் பானையின் அடியைத் துடைத்துக் கொடுத்தார். சுவிட்ச் டக்கென்று எழும்பியதும் அவன் கை மூடிக்குப் போனது. “ம்ஹூம்!” என்றார். கையை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு மச்சான் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்றார். அரைவிரல் அடுப்படிக்குப் போய், குழம்பு எடுக்கிற சாக்கில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தான்.

அதற்கப்புறம் தினமும் பானை கட்டிலுக்குப் போகும், விரல் இறங்கும், திரும்பி வரும். உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும், “என் கடைக்குப் போயி, இரும்புக் கேட் பூட்டுக்குப் போடுற வெட்டாத நீளச் சாவி ஒண்ணும், சின்ன அரமும் எடுத்துட்டு வாங்க” என்றார். படுக்கையில் உட்கார்ந்தே அந்தப் பித்தளைச் சாவியில் மூன்று வெட்டு வைத்தார். கீழே இருப்பது அரிசிக்கு, அதற்குமேல் சாமைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே கோதுமை ரவைக்கு.

“சோப்புப் போட்டு நல்லாத் தேச்சு, வெந்நியில போட்டு எடுங்க. இந்தாங்க, உங்க மிச்ச விரல்.”

முள் மேலே ஏறியது. ஆபரேஷன் முடிந்தது. கட்டி போனது. மச்சான் குக்கரோடு தன் படிக்கட்டுக் கடைக்குத் திரும்பி, மறுபடி வாடிக்கையாளர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, சோறு வேகிறதை வேடிக்கை பார்க்கவைத்தார். நல்ல சில வருஷங்கள் அப்படி ஓடின. கடைக்கு லீவு விட்ட நாளில் வருவார். அப்போதும் குக்கர் மடியில்தான் வரும். “சாவி இருக்கே மச்சான், என் சோத்தைத் தின்னு பாக்கக் கூடாதா?” என்று கேட்டால், “பழக்கதோஷம் மாப்ளே, மடி வெறுமையா இருந்தா பஸ்ஸுல தூக்கம் வரமாட்டேங்குது” என்பார். அந்த வீம்புதான் அரைவிரலுக்கு ஆறவில்லை. சாவி செய்து கொடுத்தவருக்கே அந்தச் சாவிமேல் நம்பிக்கை இல்லை என்றால், அது என்ன மரியாதை?

கடைசியாக அவர் கிளம்பி வந்த அன்று, வீடு வந்து சேரவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே, தூங்குகிற மாதிரிதான் போயிருந்தார். இதயம் பட்டென்று நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். மடியில் குக்கர் இல்லை. கை இரண்டும் வெறுமனே கோத்திருந்தன.

கிளம்புவதற்கு முன்னால் போன் பண்ணியிருந்தார்.

“மாப்ளே, கிளம்பிட்டேன். தங்கச்சி ஷிப்டுக்குப் போயிட்டாளா?”

“போயிட்டா. நீங்க வாங்க. பிளக்கெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன், உங்க ராஜகுமாரனைக் கூட்டிட்டு வாங்க.”

“இல்லை மாப்ளே, இன்னிக்கு அதைத் தூக்கிட்டு வரலை. உங்க குக்கர்லயே எனக்கும் சேத்துப் போட்டுடுங்க.”

“என்ன மச்சான், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன. பசிக்குது. சாவியை வச்சு அளந்து ஊத்துங்க, விரலை விட்டுடாதீங்க. அடியைத் துடைங்க. அப்புறம், டக்குன்னு சத்தம் வந்தா உடனே கையைக் கொண்டுபோகாதீங்க. நான் வந்து திறக்கிறேன், அதுவரைக்கும் மூடி மேல கை வைக்காம இருங்க.”