அத்தையின் செடிக்கு ஒரு பிடி யூரியா

எங்கள் அத்தை திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்த வருஷம் நான் நாலாம் வகுப்பு. வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த மார்கழியில் இரண்டு நாள் லீவில் வந்தவள், ஏரியோரத்திலிருந்து ஒரு பெயிண்ட் டப்பா நிறையச் சேற்றை அள்ளி வந்து பின்பக்கச் சுவரோரம் வைத்தாள். படிக்கப் போன பெண் சேறு அள்ளுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சேற்றில் செடி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அரிசி அளவில் சில இலைகள், அவ்வளவுதான். அத்தை மண்ணுக்குள்ளிருந்து ஒரு நூலை உருவி, லென்ஸை என் கையில் கொடுத்தாள். நூல் முழுக்கக் கசகசா அளவில் பைகள். ஒவ்வொரு பைக்கும் ஒரு கதவு, கதவோரம் மயிர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது அந்த மயிரில் பட்டால் போதும், கதவு திறந்து தண்ணீரோடு அதை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். யூட்ரிகுலேரியா என்று பெயர் சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. பூச்சி துன்னும் செடி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

இதில் பல வகை உண்டு. எது என்ன வகை என்று பூவைப் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அடுத்த திங்கட்கிழமை பூவோடு வராவிட்டால் ஆய்வுக்கு வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று அவளுடைய சார் சொல்லிவிட்டார். டப்பாவில் ஊசி போல ஒரே ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரே ஒரு மொட்டு. அவள் தோண்டிய இடத்தையோ மறுநாள் மழையில் ஏரித் தண்ணீர் மூடிவிட்டது. மழைத் தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது, எரு பட்டால் செத்துவிடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அத்தை பஸ் ஏறினாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா வெளுத்த பயிரைக் கண்டால் சும்மா போகிறவர் இல்லை. யார் வயலாக இருந்தாலும் வரப்பில் நின்று, யூரியா போடச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். தாயில்லாத தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்த தங்கையும் அவள் வைத்த இளைத்த செடியும் அவர் மனசை என்னவோ செய்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் டப்பாவில் ஒரு பிடி போட்டுவிட்டார். சேற்றின்மேல் பச்சைப் பாசி படர்ந்ததைப் பார்த்து, செடி பெருகுகிறது என்று நான் வேறு சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை வந்து பார்த்தபோது காம்பு கருத்துச் சாய்ந்திருந்தது. சோற்றில் கை வைத்திருந்த நைனா பெருமையாகச் சொன்னார்.

"நாந்தாம்மா ஒரு பிடி யூரியா போட்டேன். நீ வர்றதுக்குள்ள பூத்துடட்டும்னு."

அத்தை டப்பாவைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "நல்லதுதாண்ணா. இது எப்டியும் ரெண்டு வாரந்தான் இருக்கும்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் சத்தியம் வாங்கியவளே இப்படிப் புளுகலாமா?

"இல்ல நைனா, எரு பட்டா செத்துப்பூடும்னு அத்த சொல்லுச்சி. பூ இல்லன்னா அவங்க சார் ஒத்துக்க மாட்டாராம்."

அத்தை என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளலா என்று நான் அழுதேன். நைனா பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு எழுந்துபோனார். சாயங்காலம் வந்து, பூ எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். அத்தை போனில் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் பைக்கில் ஏற்றி மலையடி நிலத்துக்குக் கூட்டிப்போனார். பாகம் பிரித்தபோது பங்காளிகள் அவர் தலையில் கட்டிய அரை ஏக்கர் அது. சதா நீர் கசியும் வெறும் மணல். நட்ட நெல் கணுக்காலைத் தாண்டவில்லை என்று எப்போதோ கைவிட்டுவிட்டார். அந்த நிலத்தின் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"இதா பாரும்மா. களைன்னு மெறிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

தரையெல்லாம் கடுகு கடுகாக ஊதாப் பூ. அத்தை புடைவையோடு ஈரத்தில் குப்புறப் படுத்துவிட்டாள். பூவின் பின்னால் நீளும் கொம்பை லென்ஸில் பார்த்தாள், படம் எடுத்தாள், சாருக்கு அனுப்பினாள். சரி என்று பதில் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கட்டிக்கொண்டாள். வேரோடு ஒரு கட்டி மண்ணை டிபன் பாக்ஸில் எடுத்து வைத்தாள். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு என்று நைனா கேட்டார்.

"மண்ணுல சத்தே இல்லண்ணா. அதுக்குத்தான் பூச்சி புடிச்சித் துன்னுது."

"அப்ப இந்த நெலத்துல ஒண்ணுமில்லன்னு படிச்சவங்களும் சொல்லிட்டீங்க" என்று நைனா சிரித்தார். அந்த நிலத்தில் நின்று அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது நைனா முன்னால் போனார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூ இல்லாத இடமாகத் தேடித் தேடி, நுனிக்காலில் நடந்தார். ஏர் பிடித்த அந்தப் பெரிய பாதங்கள் அப்படித் தடுமாறியதில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேறு பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். தப்பு என்று வாயால் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் எங்கள் நைனா. அந்த இருபதடி தூரமும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது.