வலி நின்றுபோனவள்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில், கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி ஒரு சின்ன பாட்டிலில் விரலை விட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். என் கைக்குழந்தை மகளின் வாயெல்லாம் வெள்ளை படிந்த புண். என் மார்க்காம்பு வெடித்துப் புண். அவளுக்குச் சொட்டு மருந்தும் எனக்குக் களிம்பும் கொடுத்திருந்தார்கள். மகள் பாலுக்கு அழுததும் பயத்தில் முகம் சுளித்தேன்.

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "எனக்கும் இப்டிதான்க்கா இருந்திச்சு. இவன் வாய் வெள்ளைக்குத் தேன் தடவிகினு வரேன். இப்ப வலியே இல்ல."

"வெள்ளை போயிடுச்சா?"

"அது அப்டியேதான் கீது. ஆனா முன்ன மாரி இழுத்துக் குடிக்கறதில்ல. சும்மா வாய வெச்சிகினு கீறான். அழறதுகூட இல்லக்கா."

குழந்தையைப் பார்த்தேன். இமை பாதி மூடியிருந்தது. கழுத்து துவண்டு கிடந்தது.

"பச்சைக் குழந்தைக்குத் தேனே ஆகாதும்மா, உடம்பு துவண்டு இழுக்கற தெம்பே போயிடும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்" என்று கையைப் பிடித்தேன்.

"நல்லா தூங்கற புள்ளைக்கு இன்னாக்கா ஆஸ்பத்திரி?" உதறிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். நான் மூட்டையும் பிள்ளையுமாக எழுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளை மாரில் போட்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் உயிர் போனது. இழுக்கட்டும், இன்னும் நன்றாக இழுக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.