வரப்புக்குள் ஒரு குகை

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை பிறக்கச் சில நாட்களே இருந்த சமயம். முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது எங்கள் வயல். கணவர் துபாயில் இருப்பதால் விவசாயம் முழுக்க என் தலையில். சம்பா பொதி கட்டி நின்றது, அதாவது கதிர் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் நெல் பதராகிவிடும். முறை வைத்து வாய்க்காலில் விடும் தண்ணீர் வந்து வயலை நிறைத்துவிட்டுப் போயிருந்தது. அடுத்த முறை வருமா, அதற்குள் அணையை மூடி ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வடிகால். வரப்பின் அடியில் ஒரு ஓட்டை வழியாக, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என் தண்ணீர் அதில் கொட்டிக்கொண்டிருந்தது. நண்டு வளைதான், வேறென்ன!

களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து திணித்தேன். சற்று நேரம் நின்றது, பிறகு திணித்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டது. மறுபடி அடைத்தேன். ஒரு முழம் தள்ளி வேறிடத்தில் பீறிட்டது. பக்கத்து வயல் அக்காவும் இறங்கி வந்தார். ஓட்டைக்கு நேர் எதிரே, வயல் பக்கம் இருவருமாக மிதித்து மிதித்து அடைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

“நண்டு எங்க பூந்து எங்க வந்துச்சுன்னு யாரு கண்டா? வரப்ப வெட்டிப் பாத்தாத்தான் தெரியும் தங்கச்சி.”

வெட்டினால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். சேற்றுக் காலோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் குகை ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் ஆந்திராவில் ஒரு சுண்ணாம்புக் குகைக்குப் போயிருந்தோம். வீடு வீடாக உள்ளே அடுக்கிவிடலாம், அவ்வளவு பெரியது. யார் குடைந்தது என்று கேட்டால், தண்ணீர்தான் என்றார் கூட்டிப்போனவர். பாறையில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் இருக்குமாம். மழைத் தண்ணீர் அதில் இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குமாம். எந்த வெடிப்பு கொஞ்சம் அகலமோ அதில்தான் தண்ணீர் அதிகம் போகும், போகப் போக அது இன்னும் அகலமாகும், மற்றவை அப்படியே கிடக்கும். நேர்கோட்டிலும் போகாதாம், வெடிப்பு இழுத்த இழுப்புக்கு வளையுமாம். ஓரிடத்தில் இறங்கும் தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று பார்க்க, சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்களாம். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டதில், பஸ் போய்விடும் என்று கணவர் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

சாயத்துக்கு எங்கே போவது? வீட்டுக்கு ஓடிப்போய் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்து வந்தேன். வேட்டி துவைக்கப் போகிறாயா என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே வடிகாலில் இறங்கி ஓட்டையருகே நின்றார்.

நான் வயல் பக்கம் வரப்போரமாக ஓரிடத்தில் நீலத்தை ஊற்றினேன். அது ஊற்றிய இடத்திலேயே கிடந்தது. இன்னொரு இடத்திலும் அப்படியே. நம்பிக்கையில்லாமல் வயல் மூலைக்கே போய் ஊற்றினேன். அங்கே நீலம் நூல் மாதிரி நீண்டு, ஒரு புல் தூருக்கு அடியில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. அந்த இடத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் குனிந்தே நின்றேன். எவ்வளவு நேரமோ, அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நீலமா வருது, தங்கச்சி.”

அந்தப் புல் தூரைப் பிடுங்கிக் களிமண்ணைத் திணித்து, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு மிதித்தேன். வடிகாலில் விழுந்த தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. அக்கா மேலே ஏறி வந்து ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தட்டினார். அடுத்த முறைத் தண்ணீர் வரவேயில்லை. மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதரானது, மற்றதெல்லாம் நெல்.

அறுப்பு முடிந்ததும் முதல் வேலையாக அந்த வரப்பை வெட்டினேன். வளை மூலையில் நுழைந்து, வரப்புக்குள்ளேயே நீளமாக ஓடி, ஓட்டைக்குப் பக்கத்தில் வந்துதான் வடிகால் பக்கம் திரும்பியிருந்தது. தோள் வரை கையை விட்டாலும் முடிவு தட்டவில்லை. உள்ளே தரை மழமழவென்று இருந்தது. நண்டு தோண்டியது அதன் உடம்பளவுக்குத்தான், மிச்சத்தையெல்லாம் தண்ணீர் அரித்தே அகலப்படுத்தியிருக்கிறது. கூடவே இருந்த சின்ன வளைகள் வண்டல் அடைத்துக் கிடந்தன. அந்தக் குகையில் பாறை கரைய எத்தனையோ காலம், இங்கே ஈர மண்ணுக்குச் சில நாள் போதும் போலிருக்கிறது. போனில் கணவரைக் கூப்பிட்டு அதைக் காட்டிக்கொண்டே பேசினேன், பேசினேன், நிறுத்தவேயில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, இந்தத் தடவை பஸ் எதுவும் இல்லை, நிதானமாகப் பார் என்றார்.

அந்த நெல்லைச் சாப்பிட்டுத் தீர்த்து நாளாகிவிட்டது, ஆனாலும் எங்கே எது கசிந்தாலும் கசிகிற இடத்தை விட்டுவிட்டு, அந்த நீல நூல் நுழைந்த மாதிரி ஒரு மூலை எங்கேயோ இருக்கும் என்று என் கண் தானாகத் தேடுகிறது.